சீதேவிப்பிள்ளையின் முப்பத்தொரு வருத்தங்கள்

பழுகாமத்துக் கணக்கு வாத்தியார் அருமைநாயகத்திடம் தன்னைப் பற்றிய கதைகள் நிறைய உண்டு. மற்றக் கதைகளில் எல்லாம் கடைசியில் அவரே வெல்வார், கேட்பவர்களும் பொறுத்துக்கொள்வார்கள். இந்த ஒரு கதையில் மட்டும் அவர் அடிமுட்டாள். இதைச் சொல்லத் தொடங்கும்போதே, "என்னப்போல மூளசாலி மட்டக்களப்பில இன்னொருத்தன் பொறக்கயில்ல" என்பார். அப்படிச் சொன்னால் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளப் போகிறார் என்று அர்த்தம்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஐப்பசியில் அவருக்கு ஆபிரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொட்ஸ்வானா என்ற நாட்டில் ஒரு தனியார் பாடசாலைக்குக் கணக்குப் படிப்பிக்க ஆள் தேவை, மனைவி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம், நான்கு பேருக்கும் வதிவிட விசா எடுத்துத் தருவோம் என்று எழுதியிருந்தது. சுவிஸுக்கும் கனடாவுக்கும் ஆட்களை அனுப்பிப் பழகிய ஊர் அவரை வினோதமாகப் பார்த்தது. மச்சான்காரர் இளையதம்பி, யானைக்கு வாய்பாடு சொல்லிக்கொடுக்கவா போகிறீர்கள் என்று கேட்டார். அருமைநாயகத்துக்கு அது உறைக்கவில்லை. ஷெல் விழும் சத்தம் கேட்டால் அவருடைய மூத்த மகள் இப்போதெல்லாம் பங்கருக்குள் ஓடுவதே இல்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பயம் விட்டுப்போனதுதான் அவருக்குப் பெரிய பயம். நாடு எதுவானாலும் சரி, நான்கு பேரும் ஒன்றாய் இங்கிருந்து போய்விட வேண்டும். அதைத் தவிர அவருக்கு அந்த நாட்களில் வேறு நினைப்பே இல்லை.

எல்லாம் சரியாக வந்து ஒரு கடதாசியில் நின்றது. விசா வேண்டுமானால் நான்கு பேருக்கும் தனியார் மருத்துவக் காப்புறுதி இருக்க வேண்டுமாம். அங்கே போய் யாராவது படுத்துவிட்டால் அரசாங்கத்தின் தலையில் விழக்கூடாதாம். மட்டக்களப்பு டவுனில் காப்புறுதி முகவராக இருந்த றவூப், ஒன்பது பக்க விண்ணப்பத்தை நீட்டி, அதை மிகச் சுலபமாக விளக்கினான்.

"நாலு பேரும் சொகமா இரிக்கிங்க எண்டு கொழும்பில எங்கட டொக்டர் ஒரு ஒப்பம் போடணும் சேர். அவ்வளவுதான். நோய் வருத்தம் இரிந்தாத்தான் கரச்சல். உங்களுக்கென்ன, குடும்பத்தோட கல்லுப்போல இரிக்கிங்க."

அருமைநாயகம் வீட்டுக்கு வந்து மனைவி சீதேவிப்பிள்ளையிடம் அதை அப்படியே சொன்னார். கல்லுப்போல என்ற சொல்லைக் கேட்டு அவள் லேசாகச் சிரித்தாள். சிரித்தாள் என்பதுதான் அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது.

இனி அருமைநாயகத்திடம் இருந்த ஒரு கடிதக் கோவையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை போராளி இயக்கத்தின் கையில் இருந்தது; கிழக்கே எழுவான்கரை ராணுவத்தின் கையில். பழுகாமத்திலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போவதென்றால் அங்கேயும் ஒரு பாஸ், இங்கேயும் ஒரு பாஸ். இரண்டு இடத்திலும் ஏன் போகிறாய் என்று கேட்பார்கள். கல்யாணம் என்றால் சந்தேகப்படுவார்கள், சாமான் வாங்க என்றால் என்ன சாமான் என்பார்கள். உலகத்தில் வேறு எதிலும் ஒத்துப்போகாத அந்த இரண்டு பகுதியும் ஒத்துக்கொண்ட ஒரேயொரு காரணம் வருத்தம். அதுவும் ஆணுக்கு வருத்தம் என்றால் சட்டையைக் கழற்று, தழும்பைக் காட்டு என்று தொடங்கிவிடுவார்கள். பெண்ணுக்கு என்றால், கூடப் போகப் புருஷனுக்கும் சேர்த்து ஒரு பாஸ் கிடைக்கும்.

ஆகவே சீதேவிப்பிள்ளைக்கு வருத்தம் வரத் தொடங்கியது. களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் பூசை என்றால் அவளுக்கு மூட்டு வீங்கும். சித்தாண்டியில் சொந்தக்காரர் வீட்டில் சடங்கு என்றால் கருப்பையில் கட்டி வரும். பாடசாலைக்கு வெண்கட்டி எடுக்கப் போவதற்குக்கூட ஒருமுறை அவளுக்கு மூலம் வந்திருக்கிறது. ஊர் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி நல்லரத்தினம் நல்ல மனுஷன். வருத்தத்தைச் சொன்னால் போதும், ஆளைப் பார்க்காமலே கடிதம் எழுதி முத்திரை குத்தித் தருவார். ஊருக்கே அப்படித்தான் எழுதினார். ஆனால் ஊர் அந்தக் கடிதங்களைப் பாவித்துவிட்டு எறிந்தது. அருமைநாயகம் எறியவில்லை. அவர் கணக்கு வாத்தியார் அல்லவா? ஒரே வருத்தம் அடுத்தடுத்து வந்தால் சென்றிக் காவலில் நிற்கிறவனுக்குச் சந்தேகம் வரும் என்று கட்டக் கொப்பியில் அட்டவணை போட்டு, வருத்தங்களை முறைவைத்து மாற்றி, ஒவ்வொரு கடிதத்துக்கும் இலக்கமிட்டு, துளை போட்டுச் சிவப்பு நாடாவில் கோத்து வைத்தார். ஆறு வருடத்தில் முப்பத்தொன்று. அதில் பதினொன்று நெஞ்சுநோ, ஏனென்றால் நெஞ்சுநோவுக்கு எந்தச் சென்றியும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

மற்ற ஆசிரியர்களுக்கு இந்தக் கோவையைக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறார். சீதேவிப்பிள்ளை நெஞ்சைப் பிடிக்கும் விதத்தை நடித்தும் காட்டியிருக்கிறார். அவளுடைய நடிப்பு வரவர நன்றாகிக்கொண்டு வருகிறது என்று சொன்னதும் உண்டு. இதை இப்போது சொல்லும்போது அவர் சற்று நிறுத்தி, தன் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார்.

கார்த்திகை மாதம், முப்பத்தோராவது கடிதத்தோடு, நான்கு பேரும் கொழும்புக்குப் புறப்பட்டார்கள். பதினோராவது நெஞ்சுநோ. சுகமாக இருக்கிறோம் என்று நிரூபிக்கப் போவதற்கு வருத்தம் என்று சொல்லித்தான் போக வேண்டியிருந்தது. இளைய மகளிடம், வழியில் பொட்ஸ்வானா என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். அவள் அந்த நாட்டின் தலைநகரம் கபரோனி என்று மனப்பாடம் செய்து, கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள்.

கொழும்பு போய்ச் சேர்வதற்குள் பஸ் பன்னிரண்டு இடத்தில் நின்றது. பன்னிரண்டு இடத்திலும் இறங்கி வரிசையில் நடந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கை நீண்டது. ஒவ்வொரு கையிலும் அருமைநாயகம் கோவையை வைத்தார். பாதிப்பேர் அதன் தடிப்பைப் பார்த்தே திருப்பித் தந்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் சீதேவிப்பிள்ளையை இரக்கத்தோடு பார்த்து, வரிசையில் நிற்க வேண்டாம், மரத்தடியில் இருங்கள் என்று கையால் காட்டினான். அவள் போய் இருந்தாள். எழுந்து வரச் சற்று நேரமெடுத்தாள். அருமைநாயகம் அதையும் மெச்சிக்கொண்டார்.

காப்புறுதிக் கம்பனியின் டொக்டர் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். வெளியே நீள வாங்குகளில் அறுபது எழுபது பேர் காத்திருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேரையும் நிறுத்து, உயரம் அளந்து, நாக்கை நீட்டச் சொல்லி, இரண்டு நிமிடத்தில் ஒப்பமிட்டார். அருமைநாயகத்தின் பிரஷரைப் பார்த்து, உப்பைக் குறையுங்கள் என்று சொல்லி ஒப்பமிட்டார். நான்காவது படிவத்தையும் முன்னால் இழுத்து, பேனாவைத் திறந்தபடியே, வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"முந்தின ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?"

கேட்டுவிட்டு இடது கையை நீட்டினார்.

டொக்டர் அந்தக் கையை நீட்டாமல் இருந்திருந்தால் அருமைநாயகம் இன்றைக்கு ஆபிரிக்காவில் இருந்திருப்பார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஆறு வருடமாகக் கை நீட்டியவர்களுக்கெல்லாம் கோவையைக் கொடுத்துப் பழகிய கை அவருடையது. அந்தப் பயணத்தில் மட்டும் பன்னிரண்டு தரம் கொடுத்திருக்கிறது. மூளை விழிப்பதற்குள் பை திறந்தது, கோவை வெளியே வந்தது, டொக்டரின் கையில் போய் இருந்தது. கொடுத்ததோடு நில்லாமல், மரியாதையாக ஓரடி பின்வாங்கி, கைகளை உடம்போடு ஒட்டவைத்து நின்றும்விட்டார்.

டொக்டர் முதல் கடிதத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். இலக்கமிட்டிருந்ததால் படிக்க வசதியாகத்தான் இருந்தது. முப்பத்தோராவதையும் படித்து முடித்து, முன்னால் இருந்த சீதேவிப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவும் உங்களுக்கா?"

அப்போதுதான் அருமைநாயகத்துக்குத் தான் செய்தது விளங்கியது. பதறிக்கொண்டு முன்னால் வந்து எல்லாவற்றையும் கொட்டினார். இரண்டு பாஸைச் சொன்னார், பாலத்தைச் சொன்னார், கோயிலையும் வெண்கட்டியையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்குத் தன் கெட்டித்தனத்தின் மேல் பழைய ருசியும் வந்துவிட்டது; கட்டக் கொப்பி அட்டவணையைக்கூட மேசையில் விரலால் கீறிக் காட்டினார்.

"ஒண்டும் உண்மையில்ல டொக்டர். முப்பத்தொண்டும் பொய். இவக்குத் தடிமன் தும்மல்கூட வாறல்ல."

டொக்டர் சிரித்துவிட்டார். கிழக்கிலிருந்து வருகிறவர்களை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோவையை மூடி அருமைநாயகத்தின் பக்கம் தள்ளினார். பேனாவைத் திரும்பவும் எடுத்தார். எடுத்தவர், ஒரு கடமைக்காகத்தான், சீதேவிப்பிள்ளையைப் பார்த்து, அப்படியா அம்மா என்று கேட்டார்.

சீதேவிப்பிள்ளை புருஷனைப் பார்த்தாள். பிறகு கோவையைப் பார்த்தாள்.

"இருவத்திமூணாம் நம்பர் மட்டும் மெய், டொக்டர். மற்றதெல்லாம் அவர் செல்லுறது சரி."

இருபத்துமூன்று என்னவென்று பார்க்க அருமைநாயகத்துக்குக் கோவை தேவைப்படவில்லை. தொண்ணூற்றாறு பங்குனி. உலகக் கிண்ண இறுதி ஆட்டம். படுவான்கரையில் மின்சாரம் இல்லை. களுதாவளையில் ஒரு கூட்டாளி வீட்டில் ஜெனரேற்றர் வைத்து டீவி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதற்காக மனைவிக்கு நெஞ்சுநோ எடுத்துக்கொண்டு புறப்பட்டவர் அவர். பாலத்து ஏற்றத்தில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. சென்றியில் நின்றவன் பயந்து, பாஸையே பார்க்காமல் ஓடு ஓடு என்று விட்டான். அப்பால் போனதும் அருமைநாயகம் அவள் காதருகே குனிந்து, "போதும் புள்ள, இனி நடிக்கத் தேவல்ல" என்று சொன்னார். அவள், இல்லை, மெய்யாகவே நோகிறது என்றாள். அவர் அதற்கும் சிரித்தார். கூட்டாளி வீட்டில் அவளைப் பெண்களோடு ஒரு பாயில் படுக்கவிட்டு, கடைசிப் பந்து வரை ஆட்டத்தைப் பார்த்தார். நாடு வென்றதற்குக் கைதட்டியவர்களில் அவருடைய சத்தம்தான் பெரிது.

"அதுக்குப் பிறகு?" என்று டொக்டர் கேட்டார்.

"அதுக்குப் பிறகு மேட்டில ஏறினா இளைக்கும். படுத்தா சில நேரம் மூச்சு முட்டும். செல்லிப் பார்த்தன். இவர் கடிதம் எடுக்கிறதுக்கு நல்லம் எண்டார்."

அதைக் குறையாகவோ கோபமாகவோ அவள் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லும் குரலில் சொன்னாள். அருமைநாயகத்துக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டொக்டர் குழாயை எடுத்துக் காதில் மாட்டினார். நெஞ்சில் வைத்து, இடப்பக்கம் சரியச் சொல்லி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, நெடுநேரம் கேட்டார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்றார். வந்தது என்றாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், அடுத்த நாள் இன்னொரு இடத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. இப்போதைக்கு மருந்தும் மாதம் ஒரு ஊசியும் போதும், ஆனால் மாதாமாதம் கொழும்பு கிளினிக்குக்கு வர வேண்டும், இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் ஒப்பரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்றார்கள். நான்காவது படிவத்தில் டொக்டர் ஒப்பமிடவில்லை. வருத்தப்பட்டார், ஆனால் இடவில்லை.

டவுனுக்குத் திரும்பி வந்தபோது றவூப் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த டொக்டர் குழாயைக் காதில் மாட்டியதை யாருமே கண்டதில்லையாம், நாளுக்கு எழுபது பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடுகிறவராம்.

"கோவைய மட்டும் நீங்க குடுக்காம இரிந்திருந்தா சேர், இப்ப நாலு பேரும் பிளேன் ஏறியிருப்பிங்க."

அது உண்மைதான். ஏறியிருப்பார்கள். அங்கே ஏதோவொரு ஏற்றத்தில் சீதேவிப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பாள், அருமைநாயகம் அப்போதும் சிரித்திருப்பார். தன் முட்டாள்தனம் குடும்பத்தைக் கவிழ்த்ததா, காப்பாற்றியதா என்று அவர் இன்றுவரை கணக்குப் போட்டுப் பார்க்கிறார். விடை ஒவ்வொரு தரமும் வேறாக வருகிறது. இந்த லட்சணத்தில் நான் கணக்கு வாத்தியார் என்பார்.

மூன்று பேருக்குக் காப்புறுதி கிடைத்தது. நான்காவது ஆளுக்கு இல்லை. ஆகவே அவளுக்கு விசாவும் இல்லை. நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், நான் அக்காவோடு இருந்துகொள்கிறேன் என்று சீதேவிப்பிள்ளை சொன்னாள். அன்றைக்கு முழுவதும் அதையே சொன்னாள். மறுநாள் அருமைநாயகம் பாடசாலைக்கு வர இயலாது என்று பொட்ஸ்வானாவுக்குக் கடிதம் எழுதினார். அவருக்குத் துக்கமாகத்தான் இருந்தது. கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வரும்போது மூத்தவள் வழக்கம்போல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்து, வீட்டு வளவின் பின்பக்கம் போய் நின்று அழுதார். இளையவள் கபரோனி என்ற பெயரை அதன் பிறகு சொல்லவேயில்லை.

தை பிறந்தது. முதல் கிளினிக் நாள் வந்தது. அருமைநாயகம் அப்போதிக்கரி நல்லரத்தினத்திடம் போனார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மனைவியைக் கூடக் கூட்டிக்கொண்டு, கொழும்பு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போனார். நெஞ்சுநோ என்று எழுதுங்கள் ஐயா, இம்முறை மெய் என்றார்.

நல்லரத்தினம் ரிப்போர்ட்டைப் படித்தார். மெதுவாக மடித்துக் கொடுத்தார்.

"மாஸ்டர், பாலத்தடிக்குப் புதுசா வந்திரிக்கிற ஆமிப் பெரியவன் பழைய பாஸ் எல்லாத்தையும் கொப்பியில எழுதி வச்சிரிக்கான். ஒரே வருத்தம் ரெண்டு தரத்துக்கு மேல வந்தா ஆளத் திருப்பி அனுப்புறான். உங்கட மனிசிட பேருக்கு நேர பதினொரு நெஞ்சுநோ கிடக்கு. ரிப்போர்ட்டும் பொய்தான் எண்டுவான். நெஞ்செண்டு எழுதினா இந்தப் புள்ள ஊசி போடப் போய்ச் சேராது."

"அப்ப என்ன ஐயா செய்யிற?"

நல்லரத்தினம் யோசித்தார். அருமைநாயகத்தின் அட்டவணை அவருக்கும் ஏறக்குறைய மனப்பாடம்.

"பித்தப்பைக் கல்லு நீங்க ஒருக்காத்தான் பாவிச்சிரிக்கிங்க. அத எழுதுறன்."

முப்பத்திரண்டாவது கடிதம் அது. கொழும்பு ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் செருப்புக்குள் வைத்துக்கொண்டு அருமைநாயகம் மனைவியோடு பாலத்துக்குப் போனார். காலையிலேயே வெயில் ஏறியிருந்தது. ஏற்றத்தில் சீதேவிப்பிள்ளை மூன்று தரம் நின்று நின்று வந்தாள். சென்றியில் நின்றவன் கடிதத்தைப் பார்த்தான், கொப்பியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தெரிந்த தமிழில், எங்கே நோ என்று கேட்டான்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. பதில் சொல்ல முடியாமல் கையைத் தூக்கினாள். கை நெஞ்சை நோக்கித்தான் போயிற்று. அருமைநாயகம் அந்தக் கையை எட்டிப் பிடித்தார். பிடித்து, கீழே இறக்கி, வயிற்றின் வலப்பக்கத்தில் விலா எலும்புக்குக் கீழே வைத்து, அங்கேயே அழுத்திக்கொண்டு நின்றார். அவளுடைய நெஞ்சு அடிப்பது அந்தக் கைவழியே அவருக்குத் தெரிந்தது. சென்றியில் நின்றவன் தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினான்.

பாலத்தில் பாதித் தூரம் போனதும் சீதேவிப்பிள்ளை தலையைத் திருப்பாமல் மெதுவாகக் கேட்டாள்.

"இனிக் கைய எடுத்து நெஞ்சில வைக்கலாமா?"

அருமைநாயகம் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறு புள்ள. அவன் இன்னும் பார்த்துக்கொண்டு நிக்கான்."